அப்பாவுக்கு வைக்கும் சாயத் தண்ணீர்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா இலங்கையின் நுவரெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தோட்டத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியே, அதாவது செடிகளைக் கத்தரித்தே, மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார். கடந்த மார்ச் மாதம் ஒரு காலையில் மாரடைப்பு வந்தது. அக்கம்பக்கத்தார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

எட்டு மாதமாக 66 வயது அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாயத் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் பால் சேர்க்காத தேநீர் ஒரு டம்ளரும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுபோய், அப்பா உட்காரும் வாசல் கல்லின்மேல் வைக்கிறார். ஆறிய பிறகு அதை எடுத்துக் கொய்யா மரத்தடியில் ஊற்றுகிறார். சில நாட்களில் அப்பாவின் இருமல் கேட்கிறது என்கிறார். கம்பளி போர்த்திக்கொண்டு அவர் வாசலில் நின்றதை இரண்டு முறை பார்த்ததாகவும் சொல்கிறார்.

தம்பி திருப்பூரில் வேலை பார்க்கிறார். ஐந்து ஆண்டுகளாகப் பெந்தேகொஸ்தே சபையில் இருக்கிறார். தீபாவளி விடுமுறைக்கு வந்தவர் டம்ளரைப் பார்த்துவிட்டு, "இது பேய்க்கு வைக்கும் படையல். அப்பா மனந்திரும்பாமலே போய்விட்டார், நரகத்தில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தை அவரைக் குறி சொல்பவர் ஒருவரிடம் அழைத்துப் போக, அவரோ ஆவி கரை சேரவில்லை என்றும் பரிகாரத்துக்கு 38,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். மார்ச்சில் வருஷத் திதி வருகிறது. தம்பி செய்ய மாட்டேன் என்கிறார். பெண் செய்யக் கூடாது என்கிறார் பெரியப்பா.

"நான் அறிவியல் ஆசிரியை. கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு மனநோயா? நம்பாத நான் திதி கொடுத்தால் அது பொய் வேடம்தானே? இந்த நம்பிக்கை எல்லாம் பயத்தில் பிறந்ததுதானே? தாத்தா எங்கே என்று கேட்கும் எட்டு வயது மகளிடம் என்ன சொல்வது? இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, செத்த பிறகு ஒன்றுமே இல்லையா என்று நானே நடுங்குகிறேன்" என்று முடிகிறது கடிதம்.

நான்காம் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவைப் பற்றிய பயத்தைப் பேசிவிடுவோம்.

அம்மாவுக்கு மனநோயா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆளின் இருமலைக் கேட்டு விழித்த காது அது. அவர் போன பிறகும் அந்த நேரத்தில் அந்தச் சத்தத்துக்காகத் திறந்தே கிடக்கும். டூவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரை நேரில் கண்டு விசாரித்து, 1971இல் அந்த ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். சிலர் உருவத்தைப் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள், சிலர் அவரோடு பேசவும் செய்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனாலும் முக்கால்வாசிப் பேர் அதை அதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதை ஒரு நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள்மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கையாக.

ஆறு மாதத்துக்கு மேல் துக்கம் நீடித்தால் நோய் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. நீடித்த துக்கம் என்ற நோய்நிலையை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் என்ற கணக்கும் அதில் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022இல் இதைச் சேர்த்தபோது பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது. அந்தத் துக்கம் ஆளை முடக்கிப் போட்டிருக்க வேண்டும். அவருடைய ஊரும் உறவும் வழக்கமாக அனுசரிக்கும் அளவையும் மீறியிருக்க வேண்டும். உங்கள் அம்மா சமைக்கிறார், ரேஷன் கடைக்குப் போகிறார், பேத்திக்குத் தலை பின்னுகிறார். கணவர் இறந்துவிட்டார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் டம்ளரை அடுக்களையில் வைக்காமல் வாசல் கல்லில் வைக்கிறார். அவருடைய சாப்பாட்டை இரண்டு நாள் நிறுத்தியது மகன் சொன்ன ஒரு வார்த்தை. அப்பாவின் இருமல் எந்த வேளைச் சோற்றையும் நிறுத்தவில்லை.

ஆனாலும் ஒரு கண் வைத்திருங்கள். "நானும் அவரோடு போய்விடுகிறேன்" என்று பேசினாலோ, அந்தக் குரல் அதைச் செய் இதைச் செய் என்று கட்டளையிட ஆரம்பித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து குறைந்து உடம்பு இளைத்தாலோ, அடுப்பை அணைக்க மறப்பது போன்ற தடுமாற்றம் வந்தாலோ தாமதிக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் பார்க்கிறார்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காதையும் கண்ணையும் பரிசோதித்து வையுங்கள். கேட்கும் திறன் குறையும்போதும் கண்ணில் புரை வளரும்போதும் இல்லாத ஒலியும் உருவமும் தோன்றுவது முதுமையில் உண்டு. சாயத் தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

பயத்தில் பிறந்ததுதானே என்று கேட்கிறீர்கள். பயத்துக்கும் பங்கு உண்டு. இருட்டில் சருகு அசைந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்கும் மனம்தான் நம் முன்னோர்களைக் காட்டில் காப்பாற்றியது. அதே மனம் காற்றிலும் மழையிலும் ஓர் ஆளைத் தேடுவது இயல்பு. ஆனால் மறுமையைப் பற்றிய நம்பிக்கைக்குப் பயம் ஒன்றே வேர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் கொஞ்சம் நெல்.

பழனி மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே தோண்டிய ஈமக்குழி ஒன்றில் ஒரு ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலத்தைக் கணித்துப் பார்த்ததில் கி.மு. 490 என்று வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், இன்னும் ஒரு பொழுது உலைக்கு ஆகியிருக்கக்கூடிய நெல்லை யாரோ அளந்து, ஜாடியில் இட்டு, செத்தவர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பயம் மட்டும் என்றால் கல்லைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்பார்கள். நெல் எதற்கு? பசிக்குமே என்ற கவலை அது. உங்கள் அம்மாவின் டம்ளரில் இருப்பதும் அதே கவலைதான்.

நம் மலையிலும் இதற்குச் சாட்சி உண்டு. உதகையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயராக இருக்கும் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் ஆணையர். அவர் இங்குள்ள பழைய ஈமக் கல்வட்டங்களைத் தோண்டியபோது வெண்கலக் கிண்ணங்களும், மூடியின்மேல் எருமை உருவம் நிற்கும் மண்கலங்களும் கிடைத்தன. அந்த மக்கள் யார், என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் போனவருக்கு எருமையும் பாத்திரமும் வேண்டும் என்று நினைத்தார்கள் என்பது மட்டும் அந்த மூடிகளில் நிற்கிறது.

நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2004இல் பெரிங், யோர்க்லண்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். அதில் ஒரு சுண்டெலியை முதலை தின்றுவிடும். செத்த எலிக்கு இனிச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றார்கள் பல குழந்தைகள். அதற்கு இன்னும் அம்மாவைப் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும் என்றார்கள். உடம்பு நின்றுபோவதை எளிதில் ஏற்கும் மனம், பாசம் நின்றுபோவதை ஏற்க மறுக்கிறது. நாமே இல்லாமல் போவதை உள்ளிருந்து கற்பனை செய்து பார்க்க நம்மால் முடிவதில்லை. முயன்றால் அங்கேயும் பார்த்துக்கொண்டு நிற்பது நாம்தான்.

ஆளுக்கொரு மறுமை சொல்கிறார்களே, அப்படியானால் எல்லாமே பொய்தானே என்ற உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே மலையில் நின்றுகொண்டு தோடர்கள் தங்கள் இறந்தோர் உலகம் மேற்கே இருக்கிறது என்கிறார்கள். அங்கேயும் எருமைகள் உண்டு. நாம் தெற்கே காட்டுகிறோம். தென்புலத்தார் என்று இறந்தவர்களைச் சொன்ன வள்ளுவர், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தெய்வத்துக்கும் முன்னால் அவர்களை வைத்தார். படுகர்களின் பழைய வழக்கத்தில் இறந்தவரின் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு கன்றின்மேல் ஏற்றி அனுப்புவார்கள், போகிறவர் பாரமில்லாமல் போகட்டும் என்று. இந்தத் திசைகள் எல்லாம் ஒருசேரச் சரியாக இருக்க முடியாதுதான். ஆனால் ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று விளக்கிவிட்டதாலேயே அது பொய் என்றோ மெய் என்றோ ஆகிவிடாது. பசி எப்படி உண்டாகிறது என்று பாடம் நடத்துவதால் பானையில் சோறு வந்துவிடுமா? இருந்த சோறுதான் மறைந்துவிடுமா? நம்பிக்கையின் பிறப்பு ஒரு கேள்வி, அதன் உண்மை வேறொரு கேள்வி. கடிதத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

செத்துப் பிழைத்தவர்கள் பேசும் காணொளிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் இதயம் நின்று மீண்ட 344 நோயாளிகளை வான் லோமல் என்ற இதய மருத்துவர் ஆராய்ந்து 2001இல் எழுதினார். 62 பேர் ஒளி, அமைதி, இறந்த உறவினரைக் கண்டது போன்ற அனுபவங்களைச் சொன்னார்கள். மற்ற 282 பேருக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை. சொன்னவர்களைப் பொய்யர் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள். வாசலைக் கண்ட கதையை வீட்டைக் கண்ட கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கப்பால் என்ன என்பதற்கு என் படிப்பிலும் பதில் இல்லை.

நம்பாதவள் திதி கொடுத்தால் பொய்யா?

முதலில், நம்பாமல் இருப்பதால் நீங்கள் இந்த மண்ணுக்கு அந்நியமாகிவிடவில்லை. மணிமேகலையில் பூதவாதி ஒருவன் வருகிறான். பூதங்கள் கூடி உண்டாவதே உடலும் உணர்வும், கண்ணால் கண்டதற்கு மேல் வேறு பிறப்பில்லை என்கிறான். அவனும் ஒரு சமயவாதியாக மற்றச் சமயவாதிகளின் வரிசையில் இடம் பெறுகிறான். மணிமேகலை அவனிடம், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவனை வாதத்தில் மடக்கக் கேட்ட கேள்விதான். ஆனால் உங்கள் கடிதத்தோடு சேர்த்துப் படித்தபோது எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. நம்மைப் பெற்றவர்களோடு நமக்குள்ள உறவில், நிரூபித்துக்கொண்டு தொடங்கியது எதுவுமே இல்லை.

கருமாதியன்று இலையில் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை வைத்தார்கள் என்றும், பிடி வழுக்காமல் இருக்க அவர் சுற்றிய சைக்கிள் ட்யூப் ரப்பர் இன்னும் அதில் இருக்கிறது என்றும், அதைக் கண்டதும் உங்களுக்கு அழுகை வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கத்தியை நீங்கள் இலையில் வைத்தால் அங்கே என்ன பொய் சொன்னதாக ஆகும்? உன் உழைப்பில் படித்தேன் என்றுதானே பொருள்? அதில் உங்களுக்கு ஐயம் இருக்கிறதா? சடங்கின் ஒரு பகுதி கொள்கை, இன்னொரு பகுதி மரியாதை. கொள்கைப் பகுதியில் உங்கள் மனம் ஒப்பாத வார்த்தைகளை நீங்கள் சொல்ல வேண்டாம்; மந்திரத்தைப் பூசாரி சொல்லட்டும். "நீ நம்புகிறாயா?" என்று யாராவது நேரடியாகக் கேட்டால், இல்லை என்றே சொல்லுங்கள். மரியாதைப் பகுதியில் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் பாட்டி கப்பலேறும்போது தோட்டத்து முனியாண்டி கோயிலிலிருந்து சேலை முந்தானையில் பிடிமண் முடிந்துகொண்டு வந்த கதையை இரண்டே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். இலங்கைத் தோட்டத்துக்கு அந்த முனியாண்டி தானாக வந்தவரில்லை. உங்கள் முன்னோர் திருச்சிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனபோது இதே போல ஒரு பிடி மண்ணாகத்தான் கடல் கடந்திருப்பார். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்டு எழுதவில்லை. நிலமும் வீடும் கொண்டுபோக வழியில்லாத மக்கள் கையில் கொண்டுபோக முடிந்தது அந்த மண் ஒன்றுதான். நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் அது முந்தானை முடிச்சில் வந்திருக்கிறது. அந்த முனியாண்டியை நீங்கள் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பெண் திதி கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வழக்கம், வழக்கம் மாறும். பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். "அம்மா என்னைச் செய்யச் சொல்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன் அம்மாவுக்கு அது சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, அத்தை, 38,000 ரூபாய்

தம்பியின் வார்த்தை கொடுமையானதுதான். ஆனால் உங்கள் வீட்டில் அப்பாவை நினைத்து மிக அதிகமாகப் பயந்துபோயிருப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு டம்ளர் இருக்கிறது, உங்களுக்குக் கத்தி இருக்கிறது. அவருடைய சபை படையலை அனுமதிப்பதில்லை, இறந்தவருக்காக வேண்டிக்கொள்வதையும் பொதுவாக ஏற்பதில்லை. தன் துக்கத்தை வைக்க அவருக்கு ஓர் இடமில்லை, கோபமாகக் கொட்டியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே கருத்தும் இல்லை. நவம்பர் 2 அன்று நம் மலைக் கல்லறைத் தோட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்து, இறந்தவருக்காக வேண்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்னார் நரகத்துக்குப் போனார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மனிதனுக்கு இல்லை, அது ஆண்டவருடையது என்பது அவருடைய சபையும் மறுக்காத கொள்கை. அவரைத் தனியாக அழைத்து இதைக் கேளுங்கள், சண்டைக்கு அல்ல. "நீ ஜெபம் பண்ணு, நாங்கள் தடுக்கவில்லை. அம்மாவின் எதிரில் நரகம் என்ற சொல் மட்டும் வேண்டாம்" என்று ஒரே ஒரு கோடு கிழியுங்கள். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மனச்சான்றின்படி நடக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அது தம்பிக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு, எதையும் நம்பாத உங்களுக்கும் உண்டு. வீட்டுக்குள் சட்டம் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒருவர் உரிமை மற்றவர் சோற்றுத் தட்டு வரை நீளக் கூடாது.

குறி சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆவி கரை சேரவில்லை என்று பயமுறுத்தி, அதற்கு ஒரு விலையும் சொல்கிறவர் உங்கள் அம்மாவின் அன்பை அடகுப் பொருளாக்குகிறார். ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி குற்றம். மிரட்டித் தொந்தரவு செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆனால் அம்மாவிடம் "அவன் பொய்யன்" என்று ஆரம்பித்தால், அவரை நம்பிய தானும் முட்டாள் என்றுதான் அவர் காதில் விழும். "அப்பா உயிரோடிருந்து, தன் பேரில் 38,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய் கடன் வைக்காதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

மகளிடம் சொல்வது

எட்டு வயதில் குழந்தைகளுக்கு மரணம் திரும்பாதது என்பது புரியும். "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். அப்புறம் தூக்கத்துக்கும் பயணத்துக்கும் பயப்படுவாள். தாத்தாவின் இதயம் நின்றுவிட்டது, உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்காது, குளிராது என்று சொல்லுங்கள். எங்கே போனார் என்று கேட்டால், "பாட்டி ஒன்று நினைக்கிறாள், மாமா ஒன்று நினைக்கிறார், எனக்குத் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அம்மா சொல்வதைக் கேட்டு எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை. பாட்டியோடு சேர்ந்து டம்ளர் வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும்.

அந்த ஒரு வரி

"அன்று காலை அப்பா இரண்டு முறை போன் செய்திருந்தார். நான் எடுக்கவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்கு இரண்டு பக்கம் முன்னால், அன்று பொதுத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேர்வறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே அணைத்து ஒப்படைத்திருப்பீர்கள். அப்படியிருக்க, எடுக்க முடியவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறது உங்கள் கை. எட்டு மாதமாக நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கும் குற்றப்பத்திரிகை அது. இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது மறுமையைப் பற்றிய கேள்வி என்று நினைக்கிறீர்கள். அப்பா எங்கேயாவது இருந்தால்தானே அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல முடியும்? ஒன்றுமே இல்லை என்றால் அது பதில் இல்லாமலே போய்விடுமே? எனக்குத் தோன்றுவது இதுதான். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். குன்னூரில் என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தார், ஓய்வு பெற்ற ராணுவத்தார், எந்தத் தெய்வத்தையும் கும்பிடாதவர். மனைவியின் கடைசி இரவில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டதற்காகப் பதினோரு ஆண்டுகள் கட்டிலில் படுக்காமல் தரையில் படுத்தார். அவரிடம் நான் அது உங்கள் குற்றமில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் அன்று இரவு அவளிடம் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். கேட்டது நானும் ஒரு மேசையும்தான். அடுத்த மாதம் வந்தபோது, கட்டிலில் படுக்கிறேன் என்றார்.

அதனால் உங்களையும் கேட்கிறேன். போனை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள், தாளில், கையால். எனக்கு அனுப்ப வேண்டாம். அதை அப்பாவைப் புதைத்த இடத்தில் படிக்கலாம், தேயிலைக்கு நடுவே நின்று சத்தமாகவே படிக்கலாம். கேட்கிறாரா இல்லையா என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் இருந்தவர் அம்மா. இரண்டு அழைப்பும் எதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். எட்டு மாதமாக நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. கேட்கப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத்தான் அழைத்திருக்கலாம். சாயங்காலம் வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்ல அழைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை நீங்கள் இருவரும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். இப்போது பனி அதிகம், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா கல்லின்மேல் டம்ளரை வைத்த பிறகு, உங்களுக்கும் ஒரு டம்ளர் சாயத் தண்ணீர் கேட்டு வாங்கி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆவி அடங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.